பெயரில்லாத முப்பத்திரண்டு கடிதங்கள்

"டீச்சர், இந்த வகுப்புல எனக்கு என்ன கிடைக்கும்?" என்று கேட்டாள் சுடர்க்கொடி.

பதினோராம் வகுப்பின் சிறப்பு ஆங்கிலப் பிரிவில் அன்று அவளுக்கு முதல் நாள். உப்பளத்து ஊரிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவள். மற்ற முப்பத்தோரு பேரும் கட்டணம் கட்டி ஆங்கில வழியில் படித்துவிட்டு வந்தவர்கள்.

முன் பெஞ்சில் யாரோ சிரித்தார்கள்.

எப்சிபா டீச்சர் சிரிக்கவில்லை.

"உனக்கு என்ன வேணும்?"

 அந்த நாள் வரை எந்தப் பள்ளிக்கூடமும் சுடர்க்கொடியிடம் அதைக் கேட்டதில்லை.

"தெரியலைன்னா யோசி. நீ மட்டுமில்ல, எல்லாரும்தான். இந்த வகுப்புல என்ன எதிர்பார்க்கிறீங்கன்னு எனக்கு ஒரு கடிதம் எழுதுங்க. இங்கிலீஷ்ல. நாளைக்குக் கொண்டு வாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள உருப்படியா ஒரு கடிதம் தராதவங்க சாதாரணப் பிரிவுக்குப் போகலாம்."

சாதாரணப் பிரிவுக்கு இங்கிலீஷ் ஆசிரியர் இல்லாமல் இரண்டு வருடம் ஆகிறது. கேட்டால், ஆள் வரும் என்பார்கள்.

பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒரு கைடு வாங்கினாள். இருபது வரியை மனப்பாடம் செய்து, ஓர் எழுத்துப் பிசகாமல் எழுதினாள். அதில் வெற்றியின் சிகரம் இருந்தது. பொன்னான வாய்ப்பு இரண்டு இடத்தில் இருந்தது.

மறுநாள் டீச்சர் முதல் தாளை எடுத்தார். வருகைப் பதிவேட்டையும் திறந்து வைத்துக்கொண்டார்.

"எக்ஸ் எக்ஸ் எக்ஸ் யாரு?"

டீச்சர் தாளை இன்னொரு தடவை பார்த்தார்.

"ஒய் ஒய் ஒய் தெருவுல இருக்கிறதா எழுதியிருக்காங்க. இன்னைக்கு லீவா?"

வகுப்பு சிரித்தது. சுடர்க்கொடி மெதுவாக எழுந்தாள்.

"நான்தான் டீச்சர்."

"ரெஜிஸ்டர்ல சுடர்க்கொடின்னுல்லா இருக்கு?"

"கடிதம்னா பேரும் ஊரும் அப்படித்தான் போடணும் டீச்சர். சொந்தப் பேரு போட்டா பேப்பர் செல்லாதுன்னு சொல்லிக் குடுத்திருக்காங்க."

"அது பரீட்சைக்கு. இது எனக்கு வந்த கடிதம்."

சிரிப்பு கூடியது. டீச்சர் அடுத்த தாளை எடுத்தார்.

"இங்க இன்னொரு எக்ஸ் எக்ஸ் எக்ஸ் வந்திருக்காரே. அண்ணன் தங்கச்சியா?"

முன் பெஞ்சுக்காரன் ஒருவன் எழுந்தான்.

மூன்றாவது தாள். நான்காவது தாள். பத்தாவது தாளுக்குள் சிரிப்பு நின்றுவிட்டது.

கடைசியில் முப்பத்திரண்டு பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். கட்டணம் கட்டியவனுக்கும் கட்டாதவளுக்கும் நமது பள்ளிக்கூடங்கள் சமமாகக் கொடுத்த ஒரே பாடம் இது: பெயரை மறைத்துக்கொள்.

"மொட்டைக் கடிதத்துக்கு நான் பதில் போடுறதில்ல" என்று சொல்லி, டீச்சர் தாள் கட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

சாயங்காலம் பஸ்ஸில், சுடர்க்கொடி மூன்று எக்ஸையும் அடித்துவிட்டுத் தன் பெயரை எழுதினாள்.

பிறகு கடிதத்தை முதலிலிருந்து படித்தாள்.

அவள் எந்தச் சிகரத்தையும் பார்த்ததில்லை. எழுதியது வேறு யாரோ என்பது, பெயரைப் போட்ட பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

கிழித்துப் போட்டாள்.

புதன்கிழமை எழுத ஒன்றும் வரவில்லை. வியாழக்கிழமையும் வரவில்லை. வெள்ளிக்கிழமை காலை, கைடு இல்லாமல், தப்பும் தவறுமாக ஐந்து வரி வந்தது. தமிழில் சொன்னால் இவ்வளவுதான்:

உப்பளத்து ஆபீசிலிருந்து ஓர் இங்கிலீஷ் தாள் வந்தது. அம்மா கைநாட்டு வைத்தாள். மறுநாள் அவளுக்கு வேலை இல்லை என்றார்கள். அவர்கள் மோசமானவர்கள். அடுத்த தாளை நான் படிக்க வேண்டும்.

கீழே பெயர். ஊர்.

மத்தியானம் தாள்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. அவளுடைய தாளில் வெள்ளையே தெரியவில்லை. அவ்வளவு சிவப்பு மை.

சுடர்க்கொடி தாளை மடித்தாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலுக்கு நடந்தாள்.

"எங்க கிளம்பிட்ட?"

"சாதாரணப் பிரிவுக்கு டீச்சர்."

"யாரு போகச் சொன்னா?"

"தாள் பூரா சிவப்பா இருக்கே."

"படிச்சியா?"

படிக்கவில்லை. வாசலில் நின்றபடியே பிரித்தாள்.

ஒரு வரிகூட அடிக்கப்பட்டிருக்கவில்லை. ஓரமெல்லாம் சின்னச் சின்ன எழுத்தில் கேள்விகள். எந்த ஆபீஸ்? என்றைக்கு? அம்மாவின் பெயர் என்ன? தாளில் இருப்பதை யாராவது படித்துச் சொன்னார்களா? கைநாட்டு வாங்கியவர் யார்?

அவள் இரண்டு தடவை படித்தாள். அடைத்துக் கிடந்த மூச்சு பெரிதாக வெளியே வந்தது. முன் பெஞ்சுவரை கேட்டிருக்கும்.

"அப்ப நான் இங்கயே இருக்கலாமா டீச்சர்?"

டீச்சர் அடுத்த தாளில் கண்ணாக இருந்தார்.

"நாலாவது வரியில நீ யாரைத் திட்டியிருக்கேன்னே தெரியல. உட்காரு. ஆள் தெரியுற மாதிரி திட்டு."