இரண்டாம் சரணத்தில் யார் குரல்

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னது எங்கள் சபையில் ஆர்மோனியம் வாசிக்கிற கிரேனாப் அக்கா. போன வருஷம் ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில், ஆராதனை முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது சொன்னார்கள். கதையின் கடைசியில் ஒரு கேள்வி உண்டு. அதைக் கேட்ட நேரம் பார்த்து பஸ் வந்துவிட்டது. விடைக்காக அடுத்த ஞாயிறு வரை நான் பட்ட பாடு கர்த்தருக்குத்தான் தெரியும்.

ஜெபசிங் என்று ஒரு இசையமைப்பாளன். பாளையங்கோட்டையில் கல்லூரியில் படிக்கிற காலத்திலேயே நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு, கிதாரை மாட்டிக்கொண்டு, ராக் பாட்டுப் பாடினவன். தொண்டை கிழிகிற மாதிரிதான் பாடுவான். ஆனாலும் கேட்கிறவர்களுக்கு ஏனோ கண் கலங்கும். அந்தக் குரலை நம்பித்தான் சென்னைக்கு வந்தான். சினிமாக்காரர்கள் அவன் மெட்டை எடுத்துக்கொண்டார்கள், குரலை வேண்டாம் என்றுவிட்டார்கள்.

சினிமாவில் ஒரு வழக்கம் உண்டு. பாட்டு எப்படி வரவேண்டும் என்று காட்ட முதலில் ஒருவர் பாடி வைப்பார். பெரிய பாடகர் வந்து பாடியதும் அதை அழித்துவிடுவார்கள். அதற்கு டிராக் என்று பெயர். ஒன்பது படத்துக்கு ஜெபசிங் தன் பாட்டுக்கெல்லாம் தானே டிராக் பாடினான். ஒன்றிலாவது விட்டுவைப்பார்கள் என்று ஒவ்வொரு தடவையும் உயிரைக் கொடுத்துப் பாடுவான். ஒவ்வொரு தடவையும் அழித்தார்கள். ஒரு தயாரிப்பாளர் முதுகில் தட்டிச் சொன்னார்: "மெட்டு தங்கம் தம்பி. குரல்தான் முரடு. தியேட்டர்ல கைக்குழந்தைங்க இருக்கும்ல?"

அவன் சிரித்துவிட்டு வந்தான். வீட்டுக்கு வந்து அடுத்த மெட்டுக்கு உட்கார்ந்தான்.

பத்தாவது படம். பாடியவர் ஹரிநந்தன், அப்போது எல்லோர் வாயிலும் இருந்த பெயர். பல்லவியும் முதல் சரணமும் பாடி முடித்தார், தொண்டை கட்டிக்கொண்டது. இரண்டாம் சரணத்தை வெள்ளிக்கிழமை வந்து பாடுகிறேன் என்று போனவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். வெள்ளிக்கிழமை மாலைக்குள் பாட்டு கைக்கு வந்தாக வேண்டும் என்று தயாரிப்பாளர் ஒற்றைக்காலில் நின்றார். ஒலிப்பதிவு செய்கிற தெய்வசிகாமணி ஜெபசிங்குக்குப் போன் போட்டான்.

"அண்ணே, ரெண்டாவது சரணத்துல உங்க டிராக் மட்டும்தான் கெடக்கு. என்ன செய்ய?"

தயாரிப்பாளரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் பாட்டை நாலு நாள் தள்ளிவைத்தாவது இந்தக் குரலை எடுத்துவிடுவார்கள் என்று ஜெபசிங்குக்குத் தெரியும். பெயரில்லாமலாவது ஒரு தடவை வெளியே போகட்டும் என்று அவன் மனசு அடித்துக்கொண்டது.

"அப்படியே விட்ரு. யார்கிட்டயும் சொல்லாத" என்றான்.

சிகாமணி கெட்டிக்காரன். குரல் மாறுகிற இடத்தில் டிரம்ஸ் சத்தத்தை ஏற்றிவிட்டு, ஒட்டுத் தெரியாமல் முடித்துக் கொடுத்தான். முழுப் பாட்டும் ஹரிநந்தன்தான் என்று தயாரிப்பாளரும் நம்பிவிட்டார். பாட்டு ஊரெல்லாம் பரவியது. ஹரிநந்தன் இப்படியும் பாடுவாரா என்று எல்லோரும் வியந்தது அந்த இரண்டாம் சரணத்தைத்தான். ஜெபசிங்கின் மனைவி பியூலா மட்டும் மாவாட்டிக்கொண்டே ரேடியோவில் கேட்டுவிட்டு, "இந்தத் தகர டப்பாவ எனக்குத் தெரியாதா? சொந்தக் குரலைத் தூக்கி அடுத்தவனுக்குக் குடுத்த ஒரே ஆளு நீங்கதான்" என்றாள். டீக்கடையில், ஆட்டோவில், பக்கத்து வீட்டில் எல்லாம் தன் குரல். அதற்கு ஊர் வைத்த பெயர் வேறு.

வருஷக் கடைசியில் ஒரு பத்திரிகை விழா வைத்தது. சிறந்த பாடகர் ஹரிநந்தன். ஜெபசிங்குக்குப் பரிசு எதுவும் இல்லை, பார்வையாளர் வரிசையில் ஒரு நாற்காலி மட்டும்.

மேடைக்குப் பின்னால் ஹரிநந்தன் அவனைத் தனியே இழுத்தார். பாட்டு வந்த அன்றே தனக்குத் தெரியும் என்றும், பாராட்டு குவிந்ததில் வாய் திறக்க முடியாமல் போயிற்று என்றும் ஒத்துக்கொண்டார். "நான் பாடாத இடத்துக்குத்தான் ஜெபா இந்தப் பரிசு. மேடையில நின்னு உன்னப் பாப்பேன். தலைய ஆட்டினா உன் பேரச் சொல்லிடுறேன். இல்லேன்னா பேசாம வாங்கிட்டு எறங்கிடுறேன்" என்றார்.

விழாவுக்கு வந்திருந்த சிகாமணி பக்கத்தில் நின்று இதைக் கேட்டுவிட்டான். அவன் வேலை பார்க்கிற ஸ்டூடியோவின் முதலாளி இரண்டாம் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். இன்னொரு புகார் வந்தால் வேலை கிடையாது என்று ஏற்கெனவே சொல்லியிருக்கிறார். "யார் பாடினதுன்னு தெரிஞ்சா, யார் ஒட்டினதுன்னுதான் அடுத்து கேப்பாங்க. வேண்டாம்ணே" என்று கையைப் பிடித்துக்கொண்டான்.

ஜெபசிங்குக்கு இருவர் மேலும் எரிச்சல் வந்தது. ஒருவர் இத்தனை மாதம் கழித்து நல்லவராகிறார். இன்னொருவன் கெஞ்சியே வாயை அடைக்கிறான். எல்லாவற்றையும்விடத் தன் மேலேயே எரிந்தது.

பெயரை அழைத்தார்கள். ஹரிநந்தன் மேடையேறி, பரிசை வாங்கி, மைக்கின் முன்னால் நின்று, மூன்றாம் வரிசையில் இருந்த ஜெபசிங்கைப் பார்த்தார்.

தலையை ஆட்டினால் பத்துப் படமாக ஏங்கிய பெயர் கிடைக்கும், சிகாமணியின் பிழைப்புப் போகும். ஆட்டாவிட்டால் அந்தக் குரல் கடைசிவரை ஹரிநந்தனுடையதுதான். நீங்களே சொல்லுங்கள், அந்த நிமிஷம் ஜெபசிங் என்ன செய்வது நியாயம்?

கிரேனாப் அக்கா சொன்ன விடை இது. ஆட்டினாலும் ஆட்டாவிட்டாலும், வேறு ஒருவரைப் பேசவிட்டு அவன் நாற்காலியிலேயே இருக்கிறான். என்ன செய்ய என்று போனில் கேட்டவன் சிகாமணி, விடச் சொன்னவன் ஜெபசிங். அதனால் அவனே மேடையேற வேண்டும். ஏறினதும் "பாடினது நான்" என்று ஆரம்பிக்கக் கூடாது. "அப்படியே விடச் சொன்னது நான், சொல்லாதே என்றதும் நான்" என்று ஆரம்பிக்க வேண்டும். அது முதலில் வந்தால் முதலாளியின் கோபம் சிகாமணியை விட்டு இவன் பக்கம் திரும்பும். பாடினவன் யார் என்பது அதற்குப் பிறகு தானாகத் தெரிந்துவிடும். விடை சரிதான், நானும் ஒத்துக்கொண்டேன். ஆனால் இத்தனை வருஷம் காத்திருந்தவனுக்குப் பெயர் கிடைக்கிற நாளே தப்பை ஒத்துக்கொள்கிற நாளாகவும் இருக்கவேண்டுமா என்று எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. அடுத்த தடவை படத்துக்குப் போனால், கடைசியில் பெயர்கள் ஓடி முடிகிற வரைக்கும் கொஞ்சம் உட்கார்ந்திருங்கள்.