தவமணியின் பாதி வீடு

அடுப்பை அணைத்துவிட்டு வந்து கேளுங்கள். அவசரமாகப் பதில் சொன்னால் தப்பாகத்தான் வரும்.

அருப்புக்கோட்டையில் தவமணி என்று ஒருத்தி. பிள்ளைகள் இல்லை. வங்கிக் கடன் வாங்கித் தன் பேரில் கட்டிய வீட்டுக்குக் குடிவந்த கொஞ்ச நாளிலேயே புருஷன் இறந்துபோனார். மாமனார், மாமியார் முன்பே இல்லை. தவணை மட்டும் மாசாமாசம் அவளைத் தேடி வந்தது. வேறு யாரும் வரவில்லை. குக்கர் விசில் அடித்தால்தான் வீட்டில் ஒரு குரல். டிவியில் செய்தி வாசிக்கிற பெண்ணிடம் ஒருநாள் "சாப்டாச்சா?" என்று கேட்டுவிட்டு, தனக்குத்தானே வெட்கப்பட்டாள்.

அன்றைக்கே தம்பி குருசாமிக்கும், புருஷனின் ஒரே உடன்பிறப்பான தங்கை பேச்சியம்மாளுக்கும் போன் போட்டாள். "யார் வந்து என்கூட இருக்கீங்களோ, அவங்களுக்குப் பாதி வீட்டை எழுதித் தாரேன்."

இரண்டு பேரும் வந்தார்கள். குருசாமி சனிக்கிழமை வந்து ஞாயிற்றுக்கிழமை கிளம்புவான். பல் துலக்கும் பிரஷ்கூடப் பையைவிட்டு இறங்காது. பேச்சியும் ஒண்டிக்கட்டைதான். வந்த வாரமே ரேஷன் கார்டை இந்த முகவரிக்கு மாற்றிக்கொண்டாள். "மதினி, ரசத்துல உப்பைக் காணோமே, கோவிச்சுக்கிட்டு ஊருக்குப் போயிருச்சா?" என்று தினமும் வம்பிழுத்தாள்.

"எப்பக்கா பத்திரம்?" என்று நச்சரித்து, குருசாமி அவளைப் பத்திர எழுத்தரிடம் கூட்டிப்போனான்.

"தம்பின்னா குடும்பம்மா. தானமா எழுதினா கட்டணம் கொஞ்சம்தான்," என்றார் அவர். "நாத்தனார் அந்தக் கணக்குல வரமாட்டாங்க, முழுக் கட்டணம் கட்டணும். ஆனா மூலப் பத்திரம் வங்கியில இருக்கே? அவங்க சம்மதிக்கணும். பங்கு வாங்குறவரும் கடன்ல கையெழுத்துப் போடணும்பாங்க."

குருசாமிக்கு முகம் மாறிவிட்டது. "கடன் உன்னோடதுக்கா. அடைச்சுட்டு எழுதிக் குடு. எழுதலேன்னா நான் எதுக்கு வரணும்?"

வீட்டில் இதைக் கேட்ட பேச்சி, "கடன்ல வேணும்னா நான் கையெழுத்துப் போடுறேன். பங்கெல்லாம் வேண்டாம். யாருக்கும் எதையும் எழுதாத மதினி," என்றாள்.

தவமணிக்குச் சோறு இறங்கவில்லை. எழுதினால் தம்பிக்கு இங்கே வேலை முடிந்துவிடும். எழுதாவிட்டாலும் வரமாட்டான். பேச்சிக்கு ஒன்றுமே கொடுக்காவிட்டால், அவள் மட்டும் எதற்காக இருப்பாள்?

சட்டத்துக்குக் குடும்பமான தம்பிக்கா, கூடவே இருந்தும் வேண்டாம் என்கிற நாத்தனாருக்கா? சொல்லுங்கள், தவமணி பாதி வீட்டை யாருக்கு எழுத வேண்டும்?

விடை: யாருக்கும் எழுத வேண்டாம். மறுநாள் தவமணி தனியாகப் போய், "எழுதாமலே விட்டா?" என்று எழுத்தரிடம் கேட்டாள். பிள்ளையில்லாத இந்து விதவை உயில் எழுதாமல் இறந்தால், சொத்து முதலில் புருஷன் வழி வாரிசுக்கு என்றார் அவர். அதாவது பேச்சிக்கு, பாதியல்ல, கடனோடு முழு வீடும். இது தெரிந்துதான் வேண்டாம் என்றாளோ? வழியெல்லாம் அந்த நினைப்பு உறுத்த, வீட்டுக்கு வந்ததும் நேராகவே கேட்டுவிட்டாள். பேச்சி திகைத்தாள். "அதுக்கு நீ சாகணும்ல மதினி! அப்புறம் நான் டிவிகூடப் பேசிக்கிட்டு இருக்கவா?"

அந்தச் சனிக்கிழமை குருசாமி வரவில்லை. தவமணி வாசலைப் பார்த்தபடிதான் சாப்பிட்டாள். ரசத்தில் உப்பில்லை. பேச்சி அன்றைக்கு மட்டும் வம்பிழுக்காமல் உப்பு டப்பாவை அவள் பக்கம் நகர்த்தினாள்.