மந்திரிமார் ஏறிய விமானம்

முகில்நாடு என்று ஒரு ராஜ்யம். வரைபடத்தில் தேடாதீர்கள், கிடைக்காது. அங்கே ராஜாவும் உண்டு, கிரீடமும் உண்டு, வானொலியும் உண்டு, விமானம் கட்டும் கொட்டகையும் உண்டு. கதை கேட்க வந்த நமக்கு அதில் என்ன சங்கடம்? மேலே கேளுங்கள்.

ராஜா சித்திரசேனருக்கு எப்போதும் மலைநாட்டுக் கவலை. மழை பிடித்தால் சாலை சரிந்துவிடும். மேலே இருக்கிற சனங்களுக்கு அரிசி போகாது. ஒருநாள் விமானக் கொட்டகையின் தலைமைப் பொறியாளர் வடிவாம்பிகையைக் கூப்பிட்டனுப்பினார்.

"அம்மா, எனக்கு ஒரு சரக்கு விமானம் வேண்டும். மலைமேல் இறங்க வேண்டும். அங்கே நீளமான ஓடுபாதை கிடையாது. மாடு மேய்கிற புல்வெளிதான்."

"செய்யலாம் அரசே."

"எஞ்சின் மக்கர் பண்ணினாலும் விழக் கூடாது."

"அப்போ ரெண்டு எஞ்சின் வைப்போம்."

சொன்னபடி செய்தாள். ஆனால் லேசில் வரவில்லை. முதலில் கட்டியது மூக்கு கனத்து எழும்பவே மாட்டேன் என்றது. அடுத்தது எழும்பியது, ஆனால் நிற்பதற்குள் வயல்காட்டுக்குள் போய்விட்டது. வடிவாம்பிகை சளைக்கவில்லை. கடைசியில் வந்ததைப் பார்த்தால் கண் பட்டுவிடும் போலிருந்தது. இறக்கை உடம்புக்கு மேலே. பக்கத்துக்கொன்றாக டர்போப்ராப் எஞ்சின். ஜெட் மாதிரி உள்ளே எரிந்து, வெளியே காற்றாடியைச் சுழற்றுகிற எஞ்சின் அது. கொஞ்ச தூரம் ஓடினாலே ஜிவ்வென்று ஏறிவிடும். வால்பக்கக் கதவு சாய்வாக இறங்கும், மூட்டைகளை உருட்டியே ஏற்றலாம். நடுவானில் ஓர் எஞ்சினை நிறுத்தியும் ஓட்டிக் காட்டினார்கள். கீழே அரண்மனையே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. விமானம் பாட்டுக்கு ஒற்றை எஞ்சினில் வந்து இறங்கியது.

ராஜாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வாயை விட்டுவிட்டார். "மந்திரிமாரே! முதல் பயணத்தில் உங்கள் எல்லோருக்கும் இடம் உண்டு!"

வந்தது வினை. அந்த வாரமே மழை கொட்டி மலைச்சாலை போய்விட்டது. மேலே களஞ்சியம் காலி, பிள்ளைகள் கஞ்சிக்கு அழுகிறார்கள் என்று வானொலியில் செய்தி வந்தது. நாளை மறுநாள் காலை மட்டும் மேகம் விலகும், அப்புறம் மலை கண்ணிலேயே படாது என்றார்கள் வானிலைக்காரர்கள்.

வடிவாம்பிகை கையை விரித்தாள். "அந்தச் சின்னப் புல்வெளியில் இறங்க எடை அளவோடு இருக்கணும் அரசே. மந்திரிகள் போகலாம். இல்லாவிட்டால் அவங்க எடைக்கு அரிசி போகலாம். ரெண்டும் சேர்ந்து ஏறாது."

ராஜா மந்திரிகளிடம் நயமாகச் சொல்லிப் பார்த்தார். பேரமைச்சர் அம்பலவாணர் எழுந்தார். பேச்சும் கனம், ஆளும் கனம். "அரச வாக்கு ஆயிற்றே! புகைப்படக்காரரையும் வரச் சொல்லிவிட்டேன்" என்றார்.

ராஜா எரிச்சலோடு செங்கோடனைக் கூப்பிட்டார். செங்கோடன் சபை விகடகவி. யாரையும் விட்டுவைக்காத வாய்.

"செங்கோடா, என் வாக்கும் தவறக் கூடாது, அரிசியும் போக வேண்டும். முடியாவிட்டால் இனிமேல் இந்தச் சபைப் பக்கம் தலைவைத்துப் படுக்காதே!"

"இவ்வளவுதானா? ஒரு பெரிய தராசு மட்டும் கொடுங்கள் அரசே."

மறுநாள் செங்கோடன் மந்திரிகளைக் கூட்டினான். "ஐயாமாரே, முதல் தடவையாக ஆகாயத்தில் ஏறப்போகிறீர்கள். மலைக்கோயில் முருகனுக்கு ஒரு துலாபாரம் நேர்ந்துவிட்டால் மனசுக்குத் தைரியமாக இருக்குமே. அந்தக் கோயில் மடப்பள்ளியில்தான் மழைக்காலம் முழுக்க மலைநாடே சாப்பிடுகிறது."

ஒற்றை எஞ்சின் வேடிக்கையைப் பார்த்த நாளிலிருந்தே அவர்களுக்கு உள்ளூரப் பயம்தான். உடனே ஒப்புக்கொண்டார்கள். ஒரு தட்டில் மந்திரி, மறுதட்டில் அவரவர் வீட்டு அரிசி. அம்பலவாணர் ஏறியதும் தட்டு தொம்மென்று தரையைத் தொட்டது. மூட்டை மேல் மூட்டையாக வைத்தும் ஆள் அசையவில்லை. சுமந்தவர்களுக்கு நாக்குத் தள்ளிவிட்டது. "என் எடைக்கு எடை முருகனுக்கு" என்று குருக்கள் முன்னால் ஒவ்வொருவரும் சத்தமாகச் சொன்னார்கள்.

விடிந்தது. மேகம் விலகியது. மந்திரிகள் மாலையும் கழுத்துமாக விமானத் திடலுக்கு வந்தார்கள். வால்கதவு திறந்திருந்தது. உள்ளே கூரை வரை அரிசி மூட்டை, வலைபோட்டுக் கட்டியிருந்தது.

"நான் எங்கேயப்பா உட்காருவது?" என்றார் அம்பலவாணர்.

"முதல் வரிசையே நீங்கள்தான்." செங்கோடன் கை காட்டிய மூட்டைகளில் 'அம்பலவாணர்' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது.

"அடே, இது அரிசி!"

"உங்கள் எடை. ஒரு பிடி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அரசர் கொடுத்த இடத்தில்தான் இருக்கிறது."

"இறக்கு அதை! அப்புறம் அனுப்பிக்கொள்ளலாம்!"

"தாராளமாக இறக்கலாம். சாமிக்கு நேர்ந்ததை இறக்கிவிட்டோம் என்று நீங்களே முருகனிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அவர் மலைக்கு மேலாகத்தானே பறக்கப்போகிறீர்கள்?"

அம்பலவாணர் மலையைப் பார்த்தார். காற்றாடியைப் பார்த்தார். "அப்போ... நாங்கள்?"

"என்ன ஐயா இப்படிக் கேட்கிறீர்கள்? துலாபாரம் கொடுத்தவரை எந்தக் கோயிலில் பிடித்து வைத்துக்கொண்டார்கள்? அரிசி சாமியிடம் போகும். ஆள் தட்டிலிருந்து இறங்கி வீட்டுக்குப் போக வேண்டியதுதான்!"

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் நழுவிக் காதில் நின்றது. அடக்கமாட்டாமல் மற்ற மந்திரிகளும் சிரித்துவிட்டார்கள். இரண்டு எஞ்சினும் உறும, விமானம் கொஞ்ச தூரம் ஓடி ஏறியது. வடிவாம்பிகை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ராஜா தன் முத்துமாலையைக் கழற்றிச் செங்கோடன் கழுத்தில் போட்டார்.

மதியம் மலையிலிருந்து விமானி வானொலியில் வந்தார். ராஜா ஒலிவாங்கியைப் பிடுங்கிக்கொண்டார்.

"என்னப்பா, நம் மந்திரிமார் பத்திரமாக வந்து சேர்ந்தார்களா?"

"சேர்ந்தாச்சு அரசே! மத்தவங்களை இறக்கிட்டிருக்கோம். பேரமைச்சர் உலையில் வெந்துகிட்டிருக்கார். பிள்ளைங்க தட்டோடு உட்கார்ந்தாச்சு!"