ஏழாவது பலகை

வேங்கைமார்பன் என்றொரு ராஜா. புதுப்பொருள் எதைக் கண்டாலும் மனுஷனுக்குக் கை துறுதுறுக்கும். கப்பல் வியாபாரியிடம் ஏழு மாயப் பலகைகள் வாங்கினான். பல பேர் சேர்ந்து ஒரே பலகையில் எழுதலாம். ஆளுக்கொரு நிறத்தில் எழுத்து மின்னும்.

சபையின் குறும்புக்காரி இளவெயினிக்குக் குஷி தாங்கவில்லை. முப்பது பிள்ளைகளைச் சேர்த்துப் பள்ளியே தொடங்கிவிட்டாள். ஐந்தைந்து பேராக ஆறு குழு. ஏழாவது பலகை சும்மா கிடந்தது. "ஏரிக்கு ஒரு மதகு வரைந்து காட்டுங்கள்" என்றாள்.

ராஜா வந்து பார்த்தான். எல்லாப் பலகையிலும் ஒரே ஒரு நிறம்! குழுவுக்கு ஒரு பிள்ளை எழுத, மற்ற நாலும் முறுக்கு கடித்துக்கொண்டிருந்தன.

"இழுத்து மூடிவிடலாம் மகாராஜா" என்று எடுத்துக்கொடுத்தார் தலைமை மந்திரி நாகதேவர்.

"நாளை மத்தியானத்துக்குள் ஒவ்வொரு குழுவிலும் ஐந்து பேரும் வேலை செய்தாக வேண்டும். அடி கூடாது, காவல் கூடாது, மிட்டாயும் கூடாது. இல்லையென்றால் பள்ளிக்குப் பூட்டு!" என்றான் ராஜா.

இளவெயினி அன்றிரவு பாயை விரிக்கவே இல்லை. ஆசை ஆசையாய்த் தொடங்கிய பள்ளியல்லவா! யோசித்து யோசித்து, கடைசியில் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாள் காலை, ஏரியின் ஆழத்தைக் குழுவுக்கு ஒரு பிள்ளையின் காதில் மட்டும் சொன்னாள். மதகுக் கல்லின் கனம் இன்னொரு காதில். இப்படி ஐந்து காதில் ஐந்து சங்கதி. "ராஜா யாரைப் பார்த்து விரல் நீட்டுகிறாரோ, அவர்தான் முழு மதகையும் விளக்க வேண்டும்" என்றாள். அவ்வளவுதான், பள்ளி சந்தைக்கடையாகிவிட்டது.

"டேய், ஆழம் எவ்வளவுடா?"

"நீ முதல்ல கல்லைச் சொல்லு!"

பலகைகளில் ஐந்து நிறமும் குதித்தன.

ராஜா வந்தான். இருப்பதிலேயே பொடிசான பெண்ணைப் பார்த்து விரல் நீட்டினான். அவள் பேச்சிலேயே மதகைத் திறந்து, மூடி, தண்ணீரை வயல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டாள்! ராஜாவுக்கு வாயெல்லாம் பல்.

நாகதேவர் விடுவாரா? ஏழாவது பலகையைக் கொண்டுவந்து நீட்டினார். "மந்திரிகள் ஐவரும் கலந்து பேசி எழுதியது, மகாராஜா. பள்ளியை மூடப் பத்துக் காரணம்."

இளவெயினி எட்டிப் பார்த்தாள். கீழே ஐந்து பெயர், ஐந்து நிறம். மேலே காரணம் பத்தும் ஒரே பச்சை, அதுவும் அந்த ஐந்து நிறத்திலும் சேராத, வேறொரு ஆளின் பச்சை.

"மகாராஜா, நீட்டிய விரலை மடக்காதீர்கள். அப்படியே மந்திரியார் பக்கம் திருப்புங்கள். ஆறாவது காரணத்தைச் சொல்லட்டும்."

விரல் திரும்பியது. நாகதேவர் பக்கத்து மந்திரியைப் பார்த்தார். அவர் அடுத்தவரைப் பார்த்தார். ஐந்தாமவர், பின்னால் நின்ற எழுத்தரைப் பார்த்தார்.

எழுத்தர் பலகையைப் பார்க்காமலே ஒப்பித்தார். "ஆறாவது காரணம்... கூட்டு வேலை என்றால் ஒருவர் எழுதுவார், மற்றவர்கள் பெயர் மட்டும் போடுவார்கள்."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. "கேள் இளவெயினி, என்ன பரிசு வேண்டும்?"

"பள்ளி இருந்தால் போதும் மகாராஜா. அப்புறம், அந்த ஏழாவது பலகைக்குச் சரியாக ஐந்து பேர் குறைகிறார்கள்."