சந்தைக் கிழங்கும் அரண்மனை அண்ணனும்

முன்னொரு காலத்தில், எந்த நாடு என்று மட்டும் கேட்காதீர்கள், ஒரு ராஜாவுக்கு முழங்கால் வலி வந்தது. ராஜாவுக்கு வந்தால் சும்மா இருப்பாரா? "நாளைக்கே நான் படியேற வேண்டும்!" என்று ஒரே கூப்பாடு. "பத்தியத்தோடு ஒரு மண்டலம் ஆகும், பிரபு" என்று சொன்ன அரண்மனை வைத்தியரை அப்போதே வீட்டுக்கு அனுப்பியாயிற்று.

தளவாய் நரசப்பருக்குக் கொண்டாட்டம். சந்தையில் மூலிகைக் கடை போட்டிருந்தவன் அவருடைய மச்சான். அங்கிருந்து காய்ந்த கிழங்குத் துண்டுகளைத் தட்டு நிறையக் கொண்டுவந்து வைத்தார்.

"அசல் அமுக்கராக் கிழங்கு, மகாராஜா! அரசர் உண்ணும் முன் ஒருவர் உண்டு காட்டுவது வழக்கம். அந்தப் பாக்கியம் விதூஷகன் பூவராகனுக்கே கிடைக்கட்டும். அவன் எனக்குக் கூடப்பிறந்த தம்பி மாதிரி!"

மச்சான் கடைச் சரக்கின் லட்சணம் பூவராகனுக்குத் தெரியும். போன வாரம்தான் பக்கத்து வீட்டு வண்டிக்காரர் மாடசாமி, அதே கடையில் அமுக்கரா என்று வாங்கித் தின்று, வாந்தியும் பேதியுமாகச் செத்துப் பிழைத்திருந்தார். மிச்சத்தைப் பார்த்த ஊர் வைத்தியர், "ஐயோ, இது கண்வலிக்கிழங்கு, விஷமாச்சே!" என்று தலையில் அடித்துக்கொண்டார். இதைச் சொன்னால் பொறாமை என்பார் நரசப்பர். தின்றாலோ உயிர் போகும்.

"என்ன யோசனை? உடனே உண்டு காட்டு. நம் நாட்டு முறை எதுவும் தவறக் கூடாது!" என்றார் ராஜா.

அப்பாடா, கிடைத்தது ஒரு பிடி!

"ஒரு முறையும் தவறாது, மகாராஜா" என்று கும்பிட்ட பூவராகன், தட்டைத் தூக்கிப்போய் நரசப்பர் முன் நீட்டினான். "எடுத்துக்கொள்ளுங்கள், அண்ணா."

"நானா? உனக்கென்ன பைத்தியமா?"

"மருந்தோ சோறோ, மூத்தவர் கை வைக்காமல் இளையவர் தொடுவது நம் நாட்டில் முறையில்லையே! சபையறியத் தம்பி என்று சொல்லிவிட்டீர்கள். பெரிய துண்டாகவே எடுங்கள்."

"முறைதானே? உண்ணும்" என்றார் ராஜா.

நரசப்பர் எடுத்தார். துண்டு வாய்வரை போனது, உள்ளே போகவில்லை. அதை வீசிவிட்டு ராஜாவின் காலில் விழுந்தார்.

"மன்னியுங்கள், பிரபு! காட்டில் அகப்பட்டதையெல்லாம் சீவிக் காயவைத்து விற்கிறான் மச்சான். எது மருந்து, எது நஞ்சு என்று அவனுக்கே தெரியாது. சபையில் என்னைக் கேலி செய்யும் இந்தப் பூவராகன் தின்று ஒழிந்தால் போதும், அதைக் காட்டித் தாங்கள் உண்ணாமல் தடுத்துவிடலாம் என்று நினைத்தேன்..."

"அடப்பாவி! தடுக்க மறந்திருந்தால்?" ராஜா தொண்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

பூவராகனோ தட்டும் கையுமாக, "அண்ணன் சாப்பிடவில்லை, தம்பி எப்படிச் சாப்பிடுவேன்?" என்று முகத்தைத் தொங்கப் போட்டான். போன உயிர் திரும்பி வந்த மாதிரி ராஜா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். நரசப்பரின் பதவி பறிபோனது, வைத்தியருக்குப் பல்லக்குப் போனது.

தன் கங்கணத்தைக் கழற்றிப் பூவராகன் கையில் மாட்டிய ராஜா, "இன்னும் என்ன வேண்டும், கேள்" என்றார்.

"சந்தையில் தின்னும் மருந்து விற்பவர்கள், வாங்குபவர் கண் முன்னால் முதலில் தாங்கள் ஒரு வாய் தின்றுவிட்டு விற்கட்டும், மகாராஜா."

அன்றே முரசு அறைந்தார்கள். அடுத்த சந்தையில் மூலிகைக் கடைத்தெருவே வெறிச்சோடிக் கிடந்தது. இரண்டே இரண்டு கடைகள்தான் திறந்திருந்தன. சனங்கள் நிம்மதியாக அங்கே வரிசையில் நின்று வாங்கிப் போனார்கள்.