நூறு கிலோவுக்கு மூணு கிலோ

எந்த ஊரிலும் நாலு முட்டாள்கள் இருப்பார்கள். ஆளுக்கொரு தெருவில் சிதறிக் கிடப்பதால் ஊர் எப்படியோ பிழைத்துக்கொள்ளும். மொண்ணையூரில் அந்த நாலு பேரும் ஒரே மீன் வளர்ப்புச் சங்கத்தில் இருந்தார்கள்.

சங்கத் தலைவர் அம்பலவாணர். நோட்டு எழுதுவது அவர் மனைவி வேம்பு. பத்தாவது பரீட்சையை மூன்று முறை எழுதியவள், எழுத்து வேலைக்கு அவளை விட்டால் வேறு யார்? மூன்றாவது ஆள் வேம்புவின் தம்பி உத்திராபதி. நாலாவது சிங்காரம், நெல் மூட்டை நிறுக்கும் எடை மிஷின் ஒன்று அவரிடம் இருந்ததால் சேர்த்துக்கொண்டார்கள். இதற்கு முன்னால் இவர்கள் வாத்து வளர்த்தார்கள். நனைந்தால் சளி பிடிக்குமே என்று ஒரு சொட்டுத் தண்ணீர் மேலே படாமல் வளர்த்தார்கள். அந்தக் கதை இப்போது வேண்டாம்.

கடைசியில் பிழைப்புக்கு மிஞ்சியது நாவல் குளம் ஒன்றுதான். அதன்மேலும் டவுன் காண்டிராக்டர் ஒருவர் கண் வைத்துவிட்டார். பஞ்சாயத்தில் கண்டிப்பாகச் சொன்னார்கள்: மூன்று மாதத்தில் ஐம்பது கிலோ எடை கூட்டிக் காட்டி, மீன் ஆராய்ச்சி நிலையத்தில் கையெழுத்தும் வாங்கி வந்தால் குளம் உங்களுக்கு. இல்லாவிட்டால் காண்டிராக்டருக்கு.

நல்லவேளையாக அந்த வாரமே நிலையத்திலிருந்து ரெஜினா மேடம் வந்து சேர்ந்தார். புதிதாக ஒரு மிதக்கும் தீவனம் கண்டுபிடித்திருந்தார். கடலைப் புண்ணாக்கு, தவிடு, கருவாட்டுத் தூள் எல்லாம் சேர்த்து மிளகு மிளகாக உருட்டியது. ஆறு ஊரில் சோதிப்பதாகத் திட்டம். ஐந்து ஊர்க்காரர்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டதால் ஆறு ஊருக்கான முப்பது மூட்டையும் மொண்ணையூரில் இறங்கின. மேடம் மொத்தம் பத்துக் கிலோ எடையுள்ள ஐநூறு ஜிலேபிக் கெண்டைக் குஞ்சுகளைக் குளத்தில் விட்டார்.

"நல்லாக் கேட்டுக்கங்க. ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை எடை பாருங்க. நூறு கிலோ எடைக்கு, ஒரு நாளைக்கு மூணு கிலோ தீவனம். எடை பார்த்ததும் வெயில்ல காயவிடாம உடனே தண்ணியில விட்டுடணும். மெதுவா விடணும், தூக்கிப் போடக் கூடாது. போட்ட தீவனத்துல கால் மணி நேரம் கழிச்சும் மிதக்கிறதை அள்ளி எடுத்துடுங்க, வீணாக்காதீங்க. எத்தனை கிலோ கூடியிருக்குன்னு மட்டும் எனக்குப் போன் பண்ணுங்க, போதும்."

வண்டி கிளம்பிப் போன பிறகு சங்கம் கூடியது.

"எடை பாருங்கன்னாங்க. யாரு எடைன்னு சொல்லலையே?" என்றார் சிங்காரம்.

"மீனாத்தான் இருக்குமோ?" என்றான் உத்திராபதி.

அம்பலவாணர் சிரித்துவிட்டார். "அட மச்சான், மீன் தண்ணிக்குள்ள இருக்கு. சிங்காரத்தோட மிஷின் கரையில இருக்கு. இவ்வளவு படிச்சவங்க அப்படியா சொல்லுவாங்க?"

"ஒரு போன் போட்டுக் கேட்டுடலாங்களே" என்றாள் வேம்பு.

"கேட்டா நம்மளை முட்டாள்னு நெனைச்சுக்குவாங்க."

அது நியாயமாகத்தான் பட்டது. நாலு பேரும் மிஷினில் ஏறினார்கள். அம்பலவாணர் எழுபது, வேம்பு ஐம்பத்தெட்டு, உத்திராபதி அறுபத்தாறு, சிங்காரம் அறுபத்தொன்று. ஆக இருநூற்று ஐம்பத்தைந்து கிலோ. எடை பார்த்ததும் வெயிலில் காயாமல் ஒருவரை ஒருவர் பிடித்து, மெதுவாக, தூக்கிப் போடாமல் குளத்தில் இறக்கிவிட்டார்கள். வேம்பு கழுத்தளவு தண்ணீரில் நின்று, நோட்டைத் தலைக்கு மேலே பிடித்துக் கணக்குப் போட்டாள்.

"ஏழரை கிலோவும் கொஞ்சமும் வருதுங்க."

"ஏழரையா? சனியன் பேரைச் சொல்லியா வேலையை ஆரம்பிக்கிறது? எட்டாப் போட்டுடு" என்றார் தலைவர்.

எட்டுக் கிலோவைக் குளத்தில் இறைத்தார்கள். பிறகு நாலு பேரும் குளத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டார்கள். சாப்பிடுகிறவர்களை உற்றுப் பார்த்தால் கண் பட்டுவிடும், வயிறு வலிக்கும் என்பது மொண்ணையூரில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். கால் மணி நேரம் கழித்துத் திரும்பினால் தண்ணீர் முழுக்கத் தீவனம். விரல் நீளக் குஞ்சுகள் எவ்வளவுதான் தின்னும்?

எல்லாவற்றையும் அரிகூடையில் அள்ளினார்கள். அள்ளியதை என்ன செய்வது? கொட்டினால் வீணாகிவிடும், வீணாக்கக் கூடாது என்று மேடமே சொல்லியிருக்கிறார். உத்திராபதி ஒரு பிடியை எடுத்து முகர்ந்து பார்த்தான்.

"கருவாட்டு வாசம் தூக்குது, மாமா."

அன்றைக்கு மத்தியானம் நாலு பேர் வீட்டிலும் சின்ன வெங்காயம், பச்சை மிளகாய் போட்டுத் தாளித்த தீவன உப்புமா மணத்தது.

இரண்டு வாரம் கழித்து எடை பார்த்தார்கள். ஒன்பது கிலோ கூடியிருந்தது.

"ஒன்பதா! நல்லாச் சாப்பிடுதா?" என்று போனில் துள்ளினார் ரெஜினா மேடம்.

"ஒரு பருக்கை மிச்சம் வைக்கிறதில்லை மேடம்" என்றார் அம்பலவாணர் பெருமையாக.

எடை கூடியதால் தீவனத்தையும் கூட்டினார்கள். தீவனம் கூடியதால் எடையும் கூடியது. இந்த முறையில் ஒரு குறையும் இருப்பதாக எனக்கும் தெரியவில்லை.

நடுவில் ஒரு சோதனை வந்தது. புரட்டாசி பிறந்ததும், கருவாட்டுத் தூள் கலந்த பண்டமாயிற்றே என்று நாலு பேரும் உப்புமாவைத் தொடவில்லை. அள்ளியதெல்லாம் பூனைகளுக்குப் போயிற்று. பூனைகளையும் எடை போட வேண்டுமா என்று சிங்காரம் கேட்க, பூனை சங்கத்தில் மெம்பர் இல்லை என்று தலைவர் தீர்ப்புச் சொன்னார். அந்தத் தடவை கூடியது வெறும் இரண்டு கிலோ.

"ரெண்டு கிலோதானா? என்னாச்சு?" என்று பதறினார் மேடம்.

"விரதம் மேடம்."

"விரதமா! உங்க விரதத்துக்காகத் தீவனத்தை நிறுத்துவீங்களா? இப்படிப் போனா ஐம்பது வராது. குளம் கையை விட்டுப் போயிடும், ஆமா!"

குளம் போய்விடும் என்றதும் அம்பலவாணர் அடுப்பை மூட்டச் சொன்னார். பெருமாளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு அன்றைக்கே உப்புமாவுக்கு உட்கார்ந்தார்கள். பெருமாளும் குளம் இல்லாதவர் இல்லை, புரிந்துகொண்டிருப்பார்.

கடைசி எடை நாள் வந்தது. முப்பதாவது மூட்டை காலியாகும் நிலையில் இருந்தது. வேம்பு கூட்டிப் பார்த்தாள். மறுபடியும் கூட்டிப் பார்த்தாள்.

"நாப்பத்தொம்பதுதாங்க வருது."

ஒரு கிலோ குறைகிறது. காண்டிராக்டர் கரையில் வேலி போடுவது அம்பலவாணர் கண்ணுக்குள் வந்து நின்றது. உத்திராபதி மெல்ல எழுந்து, கடைசி மூட்டையில் இருந்ததைப் புட்டாக அவிக்கச் சொல்லி, வாழைப்பழம் வைத்துப் பிசைந்து ஒரு கிலோவையும் தின்று முடித்தான். பிறகு இரண்டு பேர் கைத்தாங்கலாகப் பிடிக்க மிஷினில் ஏறினான். எண்பத்து மூன்று. அவன் ஒருவனே பதினேழு கிலோ கூடியிருந்தான். ஆக மொத்தம் ஐம்பது!

அம்பலவாணர் போன் செய்தார். மேடத்துக்குத் தலைகால் புரியவில்லை.

"நாளைக்கு வண்டியும் ஐஸ் பெட்டியும் அனுப்புறேன். தீவனம் தின்னதுல நல்லாப் பெருத்ததா ஒண்ணைப் பார்த்து ஐஸ் பெட்டியில வச்சு அனுப்புங்க. வயித்தை அறுத்துக் குடலைச் சோதிக்கணும். அதுக்கப்புறம்தான் கையெழுத்து."

போனை வைத்த அம்பலவாணர் மச்சானைப் பார்த்தார். சிங்காரமும் பார்த்தார். உத்திராபதி தன் தொந்தியைப் பார்த்துக்கொண்டான்.

"மூணு கழுதை வயசானாலும் எனக்கு இருக்கிறது ஒரே தம்பிங்க!" என்று வேம்பு வாய்விட்டு அழுதாள்.

"அழாதே வேம்பு. குளம் போனா நாலு வயிறும் காயும். இவன் போனா ஒரு வயித்தைத்தான் அறுப்பாங்க. மூணு வயிறு மிச்சம்."

"அறுத்துட்டுத் தைச்சுக் குடுத்துடுவாங்கல்ல மாமா?"

"அவங்களுக்கு எதுக்குடா உன் குடல்? பார்த்துட்டுத் திருப்பிக் குடுத்துடுவாங்க."

மறுநாள் காலை, டிரைவர் டீ குடிக்கப் போயிருந்தபோது, உத்திராபதியைப் பெட்டிக்குள் மடக்கி உட்கார வைத்து, சுற்றிலும் ஐஸைப் போட்டார்கள். சளி பிடிக்கக் கூடாதென்று வேம்பு தலையில் மப்ளரைக் கட்டிவிட்டு, நெற்றியில் திருநீறும் பூசினாள். மூச்சுவிட மூடியில் ஒரு இடுக்கு வைத்தார்கள். அரை மணி நேரப் பயணம்தான்.

நிலையத்தில் ரெஜினா மேடம் கையுறை மாட்டிக்கொண்டு, கத்தரிக்கோலுடன் மூடியைத் திறந்தார்.

"வ-வ-வணக்கம் மேடம்" என்றான் உத்திராபதி பற்கள் தந்தியடிக்க. "மொத்தம் எண்பத்து மூணு. ஒரு சின்ன விண்ணப்பம். வலது பக்கம் அறுக்க வேண்டாம், அங்கே ஏற்கெனவே குடல்வால் ஆபரேஷன் பண்ணியிருக்கு."

கத்தரிக்கோல் கீழே விழுந்தது. அடுத்த பத்து நிமிஷத்தில் அவன் சொல்லச் சொல்ல, மேடம் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். மூன்று மாத ஆராய்ச்சி! போனில் வந்த ஒன்பது கிலோவும் இரண்டு கிலோவும் இவர்கள் இடுப்பில் ஏறியிருக்கிறது!

"மீன்? என் மீன் எங்கேய்யா?"

"குளத்துலதான் மேடம் இருக்கும். சாப்பிடும்போது நாங்க பார்க்கிறதில்லை."

அதே வண்டியில் அவனையும் ஏற்றிக்கொண்டு மேடம் மொண்ணையூருக்குப் பறந்தார். மூன்று மாதக் கெடு முடிந்ததால் பஞ்சாயத்துக்காரர்களும் காண்டிராக்டரும் ஏற்கெனவே கரையில் நின்றார்கள். வலையை இழுக்கச் சொல்லிவிட்டு மேடம் கண்ணை மூடி மாதாவை வேண்டிக்கொண்டார்.

வலை கரையை நெருங்கியதும் தண்ணீர் கொதிப்பது போலத் துள்ளியது. உள்ளங்கை அகலத்துக்குக் கொழுகொழுவென்று ஜிலேபிக் கெண்டைகள். அள்ளி அள்ளி எடை போட்டார்கள். தொண்ணூறு கிலோ! பத்து போனால் எண்பது கூடியிருக்கிறது. தினமும் வேண்டிய மட்டும் தின்று, மிச்சம் ஒரு துளி அழுகாத சுத்தமான குளத்தில், யார் கண்ணும் படாமல் வளர்ந்த மீன்கள். காண்டிராக்டர் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு நடையைக் கட்டினார். மேடத்துக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

எடை பார்த்த மீன்களை ஒவ்வொன்றாக எண்ணி, மெதுவாக, தண்ணீரிலிருந்த வலைக்குள்ளேயே விட்டார்கள். கூடவே அம்பலவாணரும் வேம்புவும் சிங்காரமும் மிஷினில் ஏறி இறங்கி வலைக்குள் போய் நின்றார்கள். வண்டியிலிருந்து உத்திராபதி, மப்ளரும் ஐஸுமாக ஓடி வந்தான். அவனையும் பிடித்து மெதுவாக உள்ளே இறக்கினார்கள்.

மேடம் படிவத்தை எடுத்து, பேனாவைத் திறந்தார். கையெழுத்துக்கு முன்னால் ஒரே ஒரு கேள்விதான் பாக்கி.

"குளத்துல விட்டது ஐநூறு. எத்தனை செத்துப்போச்சு?"

வேம்பு தலைக்கு மேலிருந்த நோட்டை இறக்கிப் பார்த்தாள்.

"ஒண்ணுகூடச் சாகலை மேடம். நாலு கூடியிருக்கு."