கரடியார் கடைப் பணியாரம்

ஒரு காட்டின் ஓரத்தில், ஒரே நாவல் மரத்தில், இரண்டு பேர் குடியிருந்தார்கள், குழந்தைகளே. கீழே பொந்தில் துடியன் என்ற அணில். மேல் கிளையில் செல்லாயி என்ற தேவாங்கு.

தேவாங்கைப் பார்த்திருக்கிறீர்களா? குச்சி போன்ற கைகால்கள், முகம் முழுக்கக் கண்கள். செல்லாயி ஒரு கையை எடுத்து அடுத்த கிளையில் வைப்பதற்குள் பார்க்கிறவர்களுக்குக் கொட்டாவி வந்துவிடும். அவ்வளவு நிதானம். துடியனோ அதற்கு நேர் எதிர். அது உட்கார்ந்து சாப்பிட்டு யாரும் பார்த்ததில்லை.

துடியன் குட்டியாக இருந்தபோது ஒரு புயலில் அதன் கூடு பிய்ந்து விழுந்தது. அன்றைக்கு அதை மார்போடு அணைத்து, மழையெல்லாம் தன் முதுகில் வாங்கிக்கொண்டது செல்லாயிதான். அதனால் துடியனுக்குச் செல்லாயி அக்கா என்றால் உயிர்.

காட்டிலிருந்து ஒரு புளியமரச் சாலை போகும். அதன் கடைசியில் சந்தனூர் என்று ஒரு நகரம். மிருகங்களே கட்டி, மிருகங்களே வாழ்கிற நகரம். பொழுது சாய்ந்தால் போதும், கடைத்தெருவில் வரிசையாக அடுப்புகள் மூண்டுவிடும். கொக்கு மீன் வறுக்கும். எருமை பால்கோவா கிண்டும். பெருச்சாளி வடை தட்டும். இத்தனைக்கும் மேலே, தெருமுனையில் கரடியார் கடைப் பணியாரம். தேனும் தேங்காய்ப்பூவும் கலந்த மாவைக் குழியில் ஊற்றி, கம்பியால் ஒரு புரட்டுப் புரட்டி எடுப்பார். அதைத் தின்பதற்காகவே மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்தெல்லாம் மிருகங்கள் வரும்.

சந்தனூர் போய் வந்த யாரையும் செல்லாயி விடாது. "அங்கே எப்படி இருக்கும்? அடுப்பெல்லாம் ஒண்ணா எரியுமா? எல்லாரும் கூட்டமா நின்னா சாப்பிடுவாங்க?" என்று துளைத்துவிடும். சாயங்காலம் ஆனால் கிளை நுனிக்குப் போய், நகரத்து வெளிச்சம் தெரிகிற பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

துடியன் இதைக் கவனித்தது. 'ஐயோ பாவம், அக்காவுக்குப் பணியாரத்து மேலே ஆசை' என்று தானே முடிவு கட்டிக்கொண்டது.

அன்றைக்கே ஓடியது. கரடியாரிடம் இரண்டு பணியாரம் கேட்டது. ஒன்றை அப்படியே விழுங்கியது. இன்னொன்றை இலையில் பொதிந்து வாயில் கவ்விக்கொண்டு, மரத்துக்கு மரம் தாவித் திரும்பி வந்தது.

"அக்கா, சாப்பிடு! சந்தனூர்ப் பணியாரம்!"

செல்லாயி ஒரு வாய் கடித்தது. "நல்லா இருக்குடா தம்பி" என்றது.

ஆனால் பணியாரம் ஆறிப்போய் விறைத்திருந்ததைத் துடியன் பார்த்துவிட்டது. 'இன்னும் வேகமா ஓடணும்' என்று நினைத்தது.

மறுநாள் இன்னும் வேகமாக ஓடியது. அதற்கு மறுநாள் தேக்கிலையில் சுற்றிப் பார்த்தது. பிறகு பூவரச இலைக்குள் வைத்து, அதைத் தேக்கிலைக்குள் வைத்துப் பார்த்தது. சூடு போகக் கூடாது என்று வாயை இறுக்கி மூடிக் கவ்வியதில் நாக்கெல்லாம் கொப்புளம். அப்படியும் வீடு வந்து சேர்வதற்குள் பணியாரம் ஆறிவிடும். செல்லாயி ஒரு வாய் கடித்துவிட்டு, "நல்லா இருக்குடா" என்று சொல்லும்.

ஒரு நாள் கரடியார் சொன்னார்: "தம்பி, மேகம் கருக்குது பாத்தியா? முதல் மழை விழுந்ததும் அடுப்பை அணைச்சுட்டு நான் மலைக்குகைக்குத் தூங்கப் போயிடுவேன். அப்புறம் பனி விலகினாத்தான் கடை."

துடியன் அன்றைக்குக் காற்றாகப் பறந்தது. மரத்தடிக்கு வந்தபோது எறும்புகள் வரிசையாக நின்றன.

"வாங்க அண்ணே!" என்றது ஒரு எறும்பு. "தினமும் உங்க புண்ணியத்தில எங்களுக்கு விருந்துதான். நீங்க அந்தப் பக்கம் போனதும் அக்கா பணியாரத்தை எங்களுக்குப் போட்டுருவாங்க."

துடியனுக்கு முகம் சுருங்கிவிட்டது. மேலே ஏறிப் போய்ப் பொட்டலத்தை வைத்தது.

"அக்கா, உண்மையைச் சொல்லு. உனக்குப் பிடிக்கவே இல்லையா?"

செல்லாயி மெதுவாகத் தலையைக் குனிந்துகொண்டது. "கல்லு மாதிரி இருக்குடா. நீ மூச்சு வாங்க வந்து நிக்கிறே. உன்கிட்டப் போய் அதை எப்படிச் சொல்றது?"

துடியனுக்கு அழுகை வந்துவிட்டது. "இதுக்கு மேலே என்னால வேகமா ஓட முடியாதுக்கா!"

"நான் எப்போடா பணியாரம் கேட்டேன்? அந்தத் தெருவைப் பாக்கணும்னுதான் ஆசைப்பட்டேன். 'அக்கா, நீயும் வர்றியா'ன்னு யாருமே என்னைக் கேட்கலை. நீயும் கேட்கலை."

துடியன் அக்காவின் குச்சிக் கால்களைப் பார்த்தது.

"நீ... நடக்க மாட்டியேக்கா."

"யாரு சொன்னா? மெதுவா நடப்பேன். நடக்க மாட்டேன்னு நீங்களா முடிவு பண்ணிக்கிட்டா நான் என்ன செய்ய?"

துடியன் கண்ணைத் துடைத்துக்கொண்டது. "அக்கா, நீயும் வர்றியா?"

செல்லாயி ஒரு கையை எடுத்து அடுத்த கிளையில் வைத்தது.

பகலில் புளியங்கிளையில் தூங்கினார்கள். பொழுது சாய்ந்ததும் நடந்தார்கள். அதாவது, செல்லாயி நடந்தது. துடியன் அடுத்த மரத்துக்கு ஓடும், திரும்பி வரும், மறுபடியும் ஓடும். மேகத்தைப் பார்க்கும்போதெல்லாம் அதன் ஓட்டம் இன்னும் கூடியது.

"சீக்கிரம் வாக்கா!"

"இருடா. மரத்துக்கு மரம் வாசனை மாறுது பாரு. முந்தின மரத்தில வடை. இந்த மரத்தில மீன் வறுவல்."

எத்தனையோ தடவை அந்த வழியில் ஓடிய துடியனுக்கு அது புதுச் செய்தி.

நகரத்து வெளிச்சம் பக்கத்தில் தெரிந்தபோது, இலை மேல் 'சொட்' என்று ஒரு துளி விழுந்தது. பிறகு இன்னொன்று. துடியனுக்குக் கால் பரபரத்தது. தான் மட்டும் ஓடினால் கடைசிப் பணியாரத்தை வாங்கிப் பாதி வழிக்காவது கொண்டுவந்துவிடலாம். ஓட்டமாக ஓடியும்விட்டது.

தெருமுனையில் கரடியார் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு அடுப்பை அணைக்கக் குனிந்தார்.

"ஒரே ஒரு ஈடுக்கு மாவு இருக்கு. வழக்கம் போலப் பொட்டலமா கட்டட்டுமா?" என்று கேட்டார்.

துடியன் சாலைப் பக்கம் திரும்பிப் பார்த்தது. "வேண்டாம் ஐயா! அடுப்பை மட்டும் அணைக்காதீங்க! எங்க அக்கா வந்துக்கிட்டு இருக்காங்க" என்றது.

"நான் யாருக்காகவும் காத்திருக்கிற வழக்கம் இல்லை" என்று உறுமினார் கரடியார்.

"இத்தனை நாளும் நீங்க கட்டிக் கொடுத்ததெல்லாம் வீட்டுக்குப் போறதுக்குள்ளே கல்லாயிடுச்சு ஐயா. எறும்புதான் தின்னுச்சு."

கரடியார் குடத்தைத் தொப்பென்று கீழே வைத்தார். "என்னது! என் பணியாரம் கல்லா? எங்கே உங்க அக்கா? வரச் சொல்லு!"

"அதோ!"

இருட்டில், புளியமரச் சாலையின் நடுவே, இரண்டு சின்ன வெளிச்சங்கள் தெரிந்தன. செல்லாயியின் கண்கள். அவை மெதுவாக, மிக மெதுவாக, அசைந்து வந்தன. மழை வலுத்தது. அடுப்பு புஸ்ஸென்று புகைந்தது. கரடியார் அடுப்பு மேல் குனிந்து, தன் பெரிய முதுகை மழைக்குக் கொடுத்துக்கொண்டு நின்றார். அடுப்புகளைக் கூரைக்குள் நகர்த்திக்கொண்டிருந்த கொக்கும் எருமையும் பெருச்சாளியும் கைவேலையை விட்டுவிட்டு அந்த வெளிச்சங்களையே பார்த்தன.

சொட்டச் சொட்ட நனைந்து வந்து சேர்ந்தது செல்லாயி. எரிகிற அடுப்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்தது. அதன் கண் நிறைந்துவிட்டது.

கரடியார் கடைசி மாவை ஊற்றினார். கம்பியால் ஒரு புரட்டு. ஒன்றை இலையில் வைத்து நீட்டினார். செல்லாயி பணியாரத்தை இரண்டு கையாலும் பிடித்து, ஊதி ஊதி, கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றது. கரடியார் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தார்.

"இன்னொண்ணு கிடைக்குமா?" என்றது செல்லாயி.

கரடியார் முகம் மலர்ந்தது.

துடியனும் பக்கத்தில் உட்கார்ந்தது. அக்காவைப் போலவே ஊதி, மெதுவாகக் கடித்தது.

"அக்கா! இது இப்படியா இருக்கும்?"

"நீ தினமும் தின்னதுதானேடா!"

"எங்கேக்கா தின்னேன்? விழுங்கிட்டு ஓடினேன்."

மழை கொட்டியது. பக்கத்துக் கடைக் கூரைக்குக் கீழே இரண்டு பேரும் ஒட்டி உட்கார்ந்து, ஈரத் தெருவில் விளக்கு வெளிச்சம் மினுங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். துடியனுக்கு எங்கேயும் ஓட வேண்டும் என்று தோன்றவில்லை.

"அக்கா, நாளைக்கு எருமையம்மா கடைக்குப் பால்கோவா சாப்பிடப் போறேன்" என்றது. சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டு, "நீயும் வர்றியா?" என்று கேட்டது.

நீதி: அன்பானவருக்காகச் சுமந்து வருவதற்கு முன், உடன் வருகிறாயா என்று ஒரு வார்த்தை கேள்.